அமெரிக்காவில் தனியாரிடம் ஒன்றுக்கு மேல் கைத்துப்பாக்கி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவதைப் பற்றி நம்மவர்களிடம் நேர் எதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. காசு இருந்தால் யாரும் எத்தனை வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு வரலாம் என்கிறார்கள் சிலர். இரண்டாவது துப்பாக்கியை வாங்கிய அன்றைக்கே அதிகாரிகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. எத்தனை வாங்கினாய் என்பதை விட, யாருக்காக வாங்கினாய், யாரிடம் கொடுத்தாய் என்பதில்தான் கூட்டாட்சிச் சட்டத்துக்குக் கவலை அதிகம். கீழே இருப்பவை 2025 வரையிலான நிலவரம். இது பொதுவான விளக்கம். உங்கள் சொந்த விவகாரத்துக்கு உங்கள் மாநிலத்து வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே நாளில் மூன்று கைத்துப்பாக்கி வாங்குவது குற்றமா?

கூட்டாட்சிச் சட்டப்படி இல்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ள ஒருவர் ஒரு நாளில் இத்தனைதான் வாங்கலாம் என்று கூட்டாட்சி அரசு எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. இந்தியாவில் ஒருவர் உரிமத்தில் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அப்படி ஒரு எண்ணிக்கைக் கட்டுப்பாடு அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் கிடையாது. சில மாநிலங்களில் மட்டும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தனியார் விற்பனை என்று எதைச் சொல்கிறார்கள்?

1968ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, துப்பாக்கியை வியாபாரமாக விற்பவர் கூட்டாட்சி உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தைத் தருவதும் கண்காணிப்பதும் ஏடிஎஃப் எனப்படும் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் முகமை. உரிமம் உள்ளவரை டீலர் என்கிறோம். உரிமம் இல்லாத ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை, எப்போதாவது, இன்னொருவருக்கு விற்பது தனியார் விற்பனை. அது வீட்டு வாசலில் நடந்தாலும் சரி, கன் ஷோ எனப்படும் துப்பாக்கிச் சந்தையில் நடந்தாலும் சரி, சட்டம் ஒன்றுதான். சந்தையில் மேசை போட்டிருக்கும் டீலர் கடையில் செய்யும் எல்லாவற்றையும் அங்கேயும் செய்தாக வேண்டும். பக்கத்தில் தன் பழைய ரிவால்வரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தனியாருக்கு அந்தக் கடமை கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை.

டீலரிடம் வாங்கினால் என்னென்ன நடக்கும்?

படிவம் 4473ஐ நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, குடியுரிமை நிலை, பழைய குற்றத் தீர்ப்புகள், போதைப்பொருள் பழக்கம் என வரிசையாகக் கேள்விகள். பிறகு டீலர் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிப் பின்னணிச் சோதனை அமைப்பைத் தொடர்புகொள்வார், அல்லது சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறையை. 1993இல் நிறைவேறிய பிரேடி சட்டத்தின் விளைவாக வந்த இந்த அமைப்பு 1998 நவம்பர் 30 முதல் இயங்குகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்.

பதில் வராமல் மூன்று வேலை நாட்கள் கடந்தால், மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில், டீலர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இப்படித்தான் துப்பாக்கியைக் கையில் வாங்கினான். சோதனை முடிந்திருந்தால் அவனுக்கு அது கிடைத்திருக்காது என்று எஃப்.பி.ஐ. பின்னர் ஒப்புக்கொண்டது. இந்த மூன்று நாள் விதியை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

அப்படியானால் தனியாரிடம் வாங்கினால் பின்னணிச் சோதனையே கிடையாதா?

கூட்டாட்சிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. படிவம் இல்லை, சோதனை இல்லை, பதிவேடு இல்லை. ஆனால் 'விதியே இல்லை' என்று நினைத்துவிடக் கூடாது.

முதலாவது, துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருவருக்கு விற்றால் விற்றவருக்குக் குற்றம். 2022க்குப் பிறகு அதற்கு 15 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்டவர் தனியாரிடம் வாங்கிக் கையில் வைத்திருந்தாலும் அதே 15 ஆண்டு. சோதனை நடக்கவில்லை என்பதால் தடை நீங்கிவிடாது.

இரண்டாவது, விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் குடியிருக்க வேண்டும்.

மூன்றாவது, வயது. தனியார் ஒருவர் 18 வயது நிரம்பாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. டீலருக்கு இந்த எல்லை 21. இந்த 21 வயது விதியை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட தீர்ப்புகளைத் தந்திருக்கின்றன.

நான்காவது, மாநிலச் சட்டம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, வாஷிங்டன், ஓரிகன், கொலராடோ, கனெக்டிகட், நெவாடா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில் தனியார் விற்பனைக்கும் சோதனை கட்டாயம். பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி என்றால் டீலர் வழியாகவோ, மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் அலுவலகம் வழியாகவோதான் கைமாற வேண்டும். டெக்சாஸ், ஜார்ஜியா, டென்னசி போன்ற இடங்களில் இப்படி மாநில விதி இல்லை.

கடையில் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் அரசுக்குத் தகவல் போகிறது என்கிறார்களே?

ஆமாம், போகிறது. உரிமம் இல்லாத ஒரே நபருக்கு, ஒரே தடவையிலோ, அடுத்தடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள்ளோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிஸ்டல் அல்லது ரிவால்வரை டீலர் விற்றால் 3310.4 என்ற படிவத்தை அன்றைய வியாபாரம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். ஒரு பிரதி ஏடிஎஃபுக்கு, மற்றொன்று மாநில அல்லது உள்ளூர்க் காவல்துறைக்கு. வாங்கியவரின் பெயர், முகவரி, துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாடல், தொடர் எண் எல்லாம் அதில் இருக்கும். 1975இல் விதிமுறையாகத் தொடங்கிய இந்தப் பழக்கத்தை 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது.

இது அனுமதி கேட்கும் படிவம் இல்லை. விற்பனையை நிறுத்தவோ தாமதப்படுத்தவோ செய்யாது. நீங்கள் கையெழுத்திட வேண்டியதும் இல்லை. டீலரிடம் 'அனுப்பாதீர்கள்' என்று கேட்கவும் முடியாது. அனுப்பாவிட்டால் அவர் உரிமமே போகக்கூடும்.

ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிக்கு இப்படி நாடு தழுவிய விதி இல்லை. 2011 முதல் டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிஃபோர்னியா ஆகிய நான்கு எல்லை மாநில டீலர்களிடம் மட்டும், சில வகை அரைத்தானியங்கி ரைஃபிள்களுக்கு இதே மாதிரி அறிக்கை கேட்கிறார்கள். மெக்சிகோ கடத்தல் கும்பல்களுக்கு ஆயுதம் போவதைப் பிடிக்கத்தான் அது வந்தது.

அந்த அறிக்கை போன பிறகு என்ன ஆகும்?

பெரும்பாலானவர்கள் விஷயத்தில், ஒன்றும் ஆகாது. சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள், கணவன் மனைவிக்கு ஆளுக்கொன்று வாங்குவார்கள், தள்ளுபடி கிடைத்ததென்று வாங்குவார்கள். ஏடிஎஃபுக்கு இது தெரியும்.

உள்ளூர்க் காவல்துறைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வாங்கியவர் தடை செய்யப்பட்டவர் இல்லை என்றால் அந்தப் படிவத்தையும் அதிலிருந்து எடுத்த குறிப்புகளையும் 20 நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும், வேறு யாருக்கும் வெளியிடவும் கூடாது. ஏடிஎஃப் பக்கத்தில், குற்றத்தோடு தொடர்பு ஏற்படாத பெயர்களை இரண்டு ஆண்டில் நீக்க வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட கொள்கை. அந்தக் கொள்கையை அவர்கள் எப்போதும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2016இல் சுட்டிக்காட்டியது. தனியுரிமை பற்றிக் கவலைப்படுகிறவர்களின் பயத்தை வெறும் கற்பனை என்று நான் ஒதுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அறிக்கை எப்போது உயிர் பெறும்? நீங்கள் வாங்கிய ஆறு துப்பாக்கிகளில் ஒன்று, சில மாதங்களில், வேறு ஊரில் குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தால். கடையில் விற்ற நாளிலிருந்து குற்றத்தில் பிடிபட்ட நாள் வரை எத்தனை காலம் என்பதை ஏடிஎஃப் கூர்ந்து பார்க்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் கடத்தலுக்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனோடு ஒரே ஆள் மொத்தமாக வாங்கிய அறிக்கையும் சேர்ந்தால் விசாரணை ஆரம்பிக்கும்.

வாரத்துக்கு ஒன்று என்று பிரித்து வாங்கினால் யாருக்கும் தெரியாது இல்லையா?

அப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் 4473 படிவம் டீலரிடம் இருக்கிறது. முன்பு அதை 20 ஆண்டு வைத்திருந்தால் போதும். 2022 ஆகஸ்ட் முதல் கடை இருக்கும் வரை அழிக்கக் கூடாது என்று விதி மாறியது. கடையை மூடினால் படிவங்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் உள்ள ஏடிஎஃபின் தேசியத் தடமறிதல் மையத்துக்குப் போகும். உங்கள் நோக்கம் நேர்மையானது என்றால் அறிக்கை போவதால் இழப்பு ஒன்றும் இல்லை. நோக்கம் வேறு என்றால், அறிக்கையைத் தவிர்க்க நாள் பார்த்து வாங்கியதே நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

தனியார் ஒருவரிடம் ஐந்து துப்பாக்கி மொத்தமாக வாங்கினால் 3310.4 போகுமா?

போகாது. அந்தக் கடமை டீலருக்கு மட்டும்தான். ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் தன் சேகரிப்பை மொத்தமாக உங்களுக்கு விற்றால், அதே மாநிலம், மாநிலச் சட்டம் சோதனை கேட்கவில்லை என்றால், எந்தப் படிவமும் எங்கும் போகாது.

ஆனால் இருவரும் நம்பிக்கைக்காக ஒரு டீலரிடம் போய் அவர் வழியாகக் கைமாற்றினால் நிலைமை வேறு. சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு டீலர்கள் இதைச் செய்து தருவார்கள். அப்போது அது டீலர் தானே விற்றதைப் போலவே நடத்தப்படும்: 4473, பின்னணிச் சோதனை, இரண்டு அல்லது அதற்கு மேல் கைத்துப்பாக்கி இருந்தால் 3310.4. இதைக் கேட்டதும் 'எதற்கு வீண் வேலை' என்று பலர் பின்வாங்குவார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போதும் விற்கும்போதும் டீலர் வழிதான் நல்லது. வாங்குபவர் தகுதியானவரா என்பதைக் கண்டுபிடிக்கத் தனியாருக்கு வேறு நிச்சயமான வழி இல்லை, ஏனென்றால் எஃப்.பி.ஐ. சோதனை அமைப்பை டீலரைத் தவிர்த்துப் பொதுமக்கள் நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

அரசிடம் யார் யார் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா?

கூட்டாட்சி அளவில் அப்படிப் பட்டியல் போடுவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பின்னணிச் சோதனையில் தேறியவரின் விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். மார்ட்டின்ஸ்பர்க்கில் மூடிய கடைகளின் படிவங்கள் கோடிக்கணக்கில் படங்களாக இருக்கின்றன. ஆனால் பெயரைத் தட்டினால் தேடித் தரும்படி அவற்றை அமைக்கக் கூடாது.

ஆகவே ஒரு துப்பாக்கியைத் தடமறிவது ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறது. தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள், அது மொத்த வியாபாரியைக் காட்டும், அவர் டீலரைக் காட்டுவார், டீலர் 4473ஐ எடுத்து முதலில் வாங்கியவரைக் காட்டுவார். கயிறு அங்கே முடிந்துவிடும். முதலில் வாங்கியவர் தனியாக வேறொருவருக்கு விற்றிருந்தால், அதற்கு மேல் தெரிந்துகொள்ள அவரைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் தனியார் விற்பனையில் எழுதி வைப்பது அவ்வளவு முக்கியம்.

கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் கைத்துப்பாக்கிகளுக்குத் தாங்களே பதிவு வைத்திருக்கின்றன. அது மாநிலத்தின் அதிகாரம்.

ஏடிஎஃப் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கேட்டால் என்ன செய்வது?

இது நடக்கும், நடந்திருக்கிறது. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் 2005 ஆகஸ்டில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தையில், வாங்க வந்தவர்கள் சொன்ன முகவரியில் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்று ஏடிஎஃபும் உள்ளூர்க் காவலர்களும் வீடுகளுக்கே ஆள் அனுப்பி, குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விசாரித்தார்கள். அது பெரிய புகாராகி 2006 பிப்ரவரியில் காங்கிரஸ் துணைக்குழு விசாரணை வரை போனது. 2022 ஜூலையில் டெலவேரில், ஒருவர் அண்மையில் வாங்கிய துப்பாக்கிகளைக் காட்டச் சொல்லி ஏடிஎஃப் அதிகாரிகள் வாசலில் நின்று கேட்ட வீடியோ நாடெங்கும் பரவியது. அவர்கள் கையில் வாரண்ட் இல்லை.

வாரண்ட் இல்லாமல் வந்தால் உள்ளே விட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அரசமைப்பின் நான்காம் திருத்தம் தரும் உரிமை அது. துப்பாக்கியை எடுத்து வந்து காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. பேச விருப்பமில்லை, வழக்கறிஞர் மூலம் பேசுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். பேசி, காட்டி, அனுப்பிவிடவும் செய்யலாம். அது உங்கள் முடிவு.

செய்யவே கூடாத ஒன்று, பொய் சொல்வது. கூட்டாட்சி அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால், சத்தியம் செய்யாவிட்டாலும், ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கும். துப்பாக்கி விஷயத்தில் ஒரு தப்பும் செய்யாதவர், பயத்தில் வாசலில் சொன்ன ஒரு பொய்யால் மாட்டிக்கொள்ளலாம். 'வித்துட்டேன் சார், யாருக்கென்று ஞாபகம் இல்லை' என்று உண்மைக்கு மாறாகச் சொல்வதை விட, வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவோ மேல்.

என் மச்சானுக்கும் சேர்த்து நானே வாங்கிவிடலாமா? அவரும் தகுதியானவர்தான்.

மச்சான் பணம் கொடுத்து, அவருக்காக நீங்கள் டீலரிடம் வாங்குவதாக இருந்தால், கூடாது. இதில் நல்ல மனிதர்கள் நிறையப் பேர் தெரியாமல் விழுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

4473 படிவம் 'இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று கேட்கிறது. இன்னொருவர் சார்பில் வாங்கிக்கொண்டு 'ஆம்' என்று எழுதினால் அது பொய்க் கூற்று. பத்து ஆண்டு வரை சிறை. இதைத்தான் பினாமி வாங்கல் என்கிறோம்.

அப்ராம்ஸ்கி என்பவரின் வழக்கு இதற்குச் சரியான உதாரணம். அவர் முன்னாள் போலீஸ்காரர், வர்ஜீனியாவில் இருந்தார். பென்சில்வேனியாவில் இருந்த உறவினருக்கு கிளாக் 19 என்ற பிஸ்டல் ஒன்று வேண்டும். போலீஸ் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் என்று அப்ராம்ஸ்கி வாங்கித் தருவதாகச் சொன்னார். உறவினர் 400 டாலருக்குச் செக் அனுப்பினார். அப்ராம்ஸ்கி வாங்கினார், பிறகு பென்சில்வேனியாவில் ஒரு டீலர் வழியாக, உறவினருக்கும் பின்னணிச் சோதனை செய்து, முறையாக ஒப்படைத்தார். இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர்கள். அப்படியும் உச்ச நீதிமன்றம் 2014இல் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் குற்றவாளிதான் என்றது. டீலர் முன்னால் நிற்பவர் யார் என்ற உண்மைதான் சட்டத்தின் அடித்தளம், அதில் பொய் இருந்தால் பிறகு நடப்பதெல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

2022 ஜூனில் இரு கட்சிகளின் ஆதரவோடு வந்த சட்டம் இதை இன்னும் இறுக்கியது. தடை செய்யப்பட்டவருக்காகவோ, குற்றத்தில் பயன்படுத்தப் போகிறவருக்காகவோ வாங்குவது இப்போது தனிக் குற்றம். 15 ஆண்டு, பயங்கரவாதம், போதைக் கடத்தல் போன்றவற்றுக்குப் போனால் 25 ஆண்டு வரை. டீலரிடம் மட்டுமல்ல, தனியாரிடம் வாங்கினாலும் இந்தப் பிரிவு பொருந்தும். 'படிவமே இல்லையே, எதில் பொய் சொன்னேன்?' என்று தப்பிக்க முடியாது.

பரிசாகக் கொடுக்க வாங்கலாமா?

உங்கள் சொந்தப் பணத்தில், உண்மையான பரிசாக என்றால் வாங்கலாம். பெறுபவர் தகுதியானவராக இருக்க வேண்டும். அவர் பணமோ பண்டமோ உழைப்போ பதிலுக்குத் தந்தால் அது பரிசு இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு என்றால் அங்கே உள்ள டீலர் வழியாகத்தான் போக வேண்டும்.

நான் வாங்கியவற்றில் சிலதை லாபத்துக்கு விற்றால் தவறா?

இங்கேதான் தனியாருக்கும் டீலருக்கும் இடையில் உள்ள கோடு. சேகரிப்பை மேம்படுத்த ஒன்றை விற்று ஒன்றை வாங்கலாம், பழையதைக் கழிக்கலாம், அப்பா விட்டுப்போன சேகரிப்பை மொத்தமாக விற்கலாம். ஆனால் வாங்குவதும் மறுபடி விற்பதுமாக, லாபமே முக்கிய நோக்கமாக இருந்தால், நீங்கள் உரிமம் இல்லாத வியாபாரி. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். முன்பு 'பிழைப்புக்காகவும் லாபத்துக்காகவும்' என்று இருந்த வரையறையை 2022 சட்டம் 'பெரும்பாலும் லாபம் ஈட்டுவதற்காக' என்று மாற்றியது. ஆகவே 'எனக்கு வேறு வேலை இருக்கிறது, இது ஓய்வு நேரத்தில்' என்ற வாதம் முன்னைப் போல நிற்காது.

இதை விரித்து ஏடிஎஃப் 2024இல் ஒரு விதிமுறை போட்டது. டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் நீதிமன்றத்தில் அதற்குத் தடை வாங்கின. 2025 பிப்ரவரியில் அதிபர் டிரம்ப், துப்பாக்கி தொடர்பான முந்தைய ஆட்சியின் விதிமுறைகளை மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டார். விதிமுறை என்ன ஆனாலும், காங்கிரஸ் 2022இல் மாற்றிய சட்ட வாசகம் அப்படியே இருக்கிறது.

எண்ணிக்கை எத்தனை என்று கேட்பார்கள். சட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். டெக்சாஸின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 2019 ஆகஸ்ட் 31 அன்று ஏழு பேரைச் சுட்டுக்கொன்றவன், 2014இல் டீலரிடம் பின்னணிச் சோதனையில் தோற்றவன். பிறகு 2016இல் தனியார் ஒருவரிடம் ரைஃபிளை வாங்கினான். சோதனை எதுவும் இல்லை. விற்றவர் லாபத்துக்காக வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர் என்பது விசாரணையில் தெரிந்தது. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ததை ஒப்புக்கொண்டு அவர் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். வாங்கியவன் யாரென்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த ஏழு குடும்பங்களை நினைத்தால், சோதனை இல்லாத தனியார் விற்பனையை 'வெறும் சம்பிரதாய விஷயம்' என்று என்னால் பேச முடிவதில்லை.

எல்லை தாண்டி அடுத்த மாநிலத்தில் தனியாரிடம் வாங்கலாமா?

நேரடியாகக் கூடாது. கைத்துப்பாக்கியை வேறு மாநிலத்துக்காரரிடமிருந்து வாங்குவதாக இருந்தால், அது உங்கள் மாநிலத்து டீலருக்கு வந்து, அவர் 4473 போட்டு, சோதனை செய்து கொடுக்க வேண்டும். இணையத்தில் பார்த்து வாங்கினாலும் இதேதான். பாரம்பரியச் சொத்தாக உயிலில் வருவதற்கு விலக்கு உண்டு. 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழந்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கு என்று ஒரு சேகரிப்பாளர் உரிமம் இருக்கிறது. அது இருந்தால் அந்த வகையை மாநிலம் தாண்டியும் வாங்கலாம், ஆனால் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

மாதத்துக்கு ஒன்றுதான் என்று சில மாநிலங்களில் சட்டம் இருப்பது உண்மையா?

உண்மை. தென் கரோலினா 1975இலேயே கொண்டு வந்தது, 2004இல் நீக்கிவிட்டது. வர்ஜீனியாவின் கதை சுவாரசியமானது. எண்பதுகளின் கடைசியில் வர்ஜீனியாவில் மொத்தமாக வாங்கிய கைத்துப்பாக்கிகள் 95ஆம் எண் நெடுஞ்சாலை வழியே நியூயார்க் வரை போய்க் குற்றங்களில் பிடிபட்டன. துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த அந்த மாநிலமே அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டு, ஆளுநர் டக்ளஸ் வைல்டர் காலத்தில், 1993இல், 30 நாளுக்கு ஒரு கைத்துப்பாக்கி என்று கட்டுப்படுத்தியது. 2012இல் நீக்கினார்கள். 2020இல் மறுபடி கொண்டு வந்தார்கள். சேகரிப்புக்காக நடக்கும் உண்மையான தனியார் விற்பனை போன்றவற்றுக்கு அதில் விலக்குகள் உண்டு.

மேரிலண்டிலும் நியூஜெர்சியிலும் இந்த மாதிரி வரம்பு இருக்கிறது. நியூஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனியாக வாங்கும் அனுமதி பெற வேண்டும். கனெக்டிகட் 2023இல் 30 நாளுக்கு மூன்று என்று வைத்தது. கலிஃபோர்னியாவின் மாதத்துக்கு ஒன்று என்ற சட்டத்தை 2025 ஜூனில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆக, வாங்கும் வாரத்தில் உங்கள் மாநிலக் காவல்துறை இணையதளத்தைப் பாருங்கள்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். தனியாரிடம் வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்களே?

தயவுசெய்து வேண்டாம். ஹெச்-1பி, எஃப்-1, எல்-1, பி-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். முக்கியமான விலக்கு ஒன்று: செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விசா காலாவதியாகிச் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்களுக்கு வேட்டை உரிமமும் உதவாது.

வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. மாணவர் விசாவில் வந்த ரெஹாய்ஃப் என்ற இளைஞர், கல்லூரி அவரை நீக்கிய பிறகு ஃபுளோரிடாவில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டார். அதற்காகவே வழக்கு வந்தது. தன் விசா நிலை பறிபோனது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசியுங்கள். வார இறுதியில் நண்பர்கள் சுடும் கூடத்துக்குக் கூப்பிட்டால், முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்.

கிரீன் கார்டு இருந்தால்?

வாங்கலாம். மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், 4473இல் உங்கள் குடியேற்ற எண்ணை எழுத வேண்டும். ஆனால் குடிமக்களுக்கு இல்லாத ஒரு ஆபத்து உங்களுக்கு உண்டு: துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம். மச்சானுக்காக வாங்கிய ஒரு பிஸ்டலுக்காக இருபது வருட வாழ்க்கையை இழக்க வேண்டி வரும்.

பெயரில் ஒரு சின்ன விஷயம். நம் பெயர்களில் இனிஷியல் இருக்கும். சட்டப்படியான பெயரில் வெறும் இனிஷியல்தான் என்றால், அதன் பக்கத்தில் 'ஐ.ஓ.' என்றும், நடுப்பெயரே இல்லை என்றால் 'என்.எம்.என்.' என்றும் எழுதச் சொல்கிறது படிவம். ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே எழுதுங்கள். தாமதம் அடிக்கடி வந்தால் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்து, உங்களைத் தனியாக அடையாளம் காட்டும் ஒரு எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம்.

கஞ்சா எங்கள் மாநிலத்தில் சட்டப்படி அனுமதி. அது பிரச்சினையா?

படிவத்தைப் பொறுத்தவரை பிரச்சினைதான். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி தடை நீடிக்கிறது என்று 4473 வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

தனியாரிடம் வாங்கும்போது எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு விற்பனைச் சீட்டு எழுதுங்கள். தேதி, இருவர் பெயரும் முகவரியும், துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாடல், தோட்டா அளவு, தொடர் எண், விலை, இருவர் கையெழுத்து. ஆளுக்கொரு பிரதி. ஐந்து துப்பாக்கி வாங்கினால் ஐந்து தொடர் எண்ணும் வர வேண்டும். 'பிஸ்டல் – 5' என்று எழுதியதால் ஒரு பயனும் இல்லை. எதிரில் இருப்பவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து அதே மாநிலம்தானா என்று உறுதி செய்யுங்கள். நீங்கள் விற்பவராக இருந்தால், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் வாங்குபவரிடம் இருக்கிறதா என்று கேட்பது நல்ல பழக்கம். அதைப் பெற்றவர் ஏற்கெனவே ஒரு சோதனையைக் கடந்திருப்பார்.

சீட்டு எழுத மறுப்பவரிடம், உரிமத்தைக் காட்டத் தயங்குபவரிடம், 'வாகன நிறுத்துமிடத்திலேயே முடித்துவிடலாம்' என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்கவோ விற்கவோ வேண்டாம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

திருட்டுத் துப்பாக்கியாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

தொடர் எண்ணைச் சுரண்டியிருந்தால் கையால் தொடாதீர்கள். அப்படிப்பட்டதை வைத்திருப்பதே குற்றம். எண் சரியாக இருந்தாலும் திருட்டுப் பொருளா என்று தேடும் காவல்துறைத் தரவுத்தளத்தை நீங்கள் பார்க்க முடியாது. பல ஊர்களில், அவசரம் அல்லாத எண்ணில் காவல் நிலையத்தை அழைத்துக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். மொத்தமாக வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்.

பல ஆண்டு கழித்து, நான் விற்ற துப்பாக்கியைப் பற்றி விசாரணை வந்தால்?

முதலில் கடையில் வாங்கியவர் நீங்கள் என்றால், உங்களைத்தான் தேடி வருவார்கள். வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, விற்பனைச் சீட்டின் நகலை அவர் மூலம் கொடுக்கலாம். அடுத்த கயிறு அந்தச் சீட்டில் இருக்கும் பெயரிலிருந்து தொடங்கும். துப்பாக்கி திருடு போயிருந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்தப் புகார் எண்ணைச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். தனிநபர் திருட்டைத் தெரிவிக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, சில மாநிலங்கள் கட்டாயப்படுத்துகின்றன. கட்டாயம் இல்லாத மாநிலத்தில் இருந்தாலும் கொடுங்கள்.